டீச்சரம்மா ஸ்கூட்டருக்குள் நான் இருந்த வாரம்

வேலை பார்த்த காலத்தில் ஒரு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலாக நான் ஒரு ஸ்கூட்டருக்குள் இருந்தேன். எங்கள் கடைப் பலகையின்படி அப்படித்தான். உண்மையில் நான் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எதை நம்புவது என்பதுதான் அந்த வாரம் எல்லோருக்கும் இருந்த சிக்கல்.

இப்போது வண்டி மின்வேலை பார்க்கும் சிலர்தான் இதை எழுதச் சொன்னார்கள். அவர்களிடம் ஒரு கருவி இருக்கிறது. வண்டியில் செருகினால் பழுதின் பெயரைத் திரையில் காட்டிவிடும். "முன்னெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். ஒரு மீட்டர், ஒரு பல்பு, இரண்டு துண்டு வயர் என்றேன். அதை நம்பினார்கள். டோக்கனைப் பற்றிச் சொன்னதை நம்பவில்லை. இடையில் சில ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். அங்கிருந்த உதவி ஆசிரியர் என் அலங்காரச் சொற்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன். நடந்தது மட்டும்.

நான் தொழில் பழகியது தங்கச் சுரங்கத்தின் விளக்கு அறையில். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் தொப்பி விளக்கைக் கழற்றிக் கொடுப்பார்கள். அதன் பேட்டரியைச் சார்ஜில் போட்டு, தண்ணீர் பார்த்து, அடுத்த ஷிப்ட்டுக்குத் தர வேண்டும். ஆள் குறைப்பு வந்தபோது என்னை நிரந்தரம் ஆக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், சுரங்கத்தை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டையில் ரெட்டி நடத்திய ஸ்கூட்டர் சர்வீஸ் கடையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் சூசை. சுரங்கத்தில் மின்பிரிவு போர்மேனாக இருந்து, வயது முடியும் முன்பே விருப்ப ஓய்வில் வந்தவர். பாலகாட்டுச் சுரங்கக் குடியிருப்பில் வீடு. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கடைக்குள்ளும் தலையில் சுரங்கத் தொப்பி. தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒரு காலண்டரும்தான் இருந்தன. ஸ்கூட்டரின் முன்விளக்கை 'டாப்' என்பார், பின்விளக்கை 'பாட்டம்' என்பார். இடையில் இருக்கிற எல்லாமே, சுரங்கத்து அடுக்குகளைப் போல, லெவல்கள். பேட்டரி இரண்டாம் லெவலில் இருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் கையை உள்ளே விடக்கூடாது. எல்லோரும் ஓர் எட்டுப் பின்னால் போக வேண்டும். அவர் குனிந்து மோந்து பார்த்து, "காத்து நல்லாகீது" என்ற பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம்.

பழுது பார்ப்பதில் அவர் முறை ஒன்றுதான். வண்டியைத் தொடுவதற்கு முன் வண்டிக்காரனைப் பார்ப்பார். பூதிகோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிவரும் ஒருவர், முன்விளக்கு மங்கல் என்று மூன்று கடை ஏறி இறங்கி எங்களிடம் வந்தார். அந்தக் காலத்து வண்டிகளில் விளக்குக்கு பேட்டரி கிடையாது. இன்ஜின் சுற்றும்போது மேக்னட்டோ தருகிற மின்சாரம்தான். ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தால் மற்றது மங்கும். நான் வயர்களை அவிழ்க்கப் போனேன். சூசை கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தபா ரோட்டு முனையிலேர்ந்து ஓட்டிகினு வாங்க."

அவர் ஓட்டி வந்தார்.

"வலது கால் எங்க வெச்சிருக்கீங்க?"

"பிரேக் மேல."

"எப்பவும் அங்கதானா?"

"பின்ன? தக்காளி ஏத்திகினு வரேன், எறக்கம் வேற."

"காலை எடுங்க, டாப்ல லைட்டு வரும். பிரேக் லைட்டு தின்னுது உங்க வெளிச்சத்தை."

"காலை எடுத்தா வண்டி போயிடுமே சார்."

"அதுக்குத்தான் வண்டி" என்றார் சூசை.

இவ்வளவு தெரிந்தவரிடம் இரண்டு விதிகள் இருந்தன. இரண்டையும் சுரங்கத்திலிருந்து அப்படியே கொண்டுவந்திருந்தார்.

முதல் விதி டோக்கன். ஆளுக்கு ஒரே எண் போட்ட இரண்டு பித்தளை வில்லைகள். என் எண் நாற்பத்தொன்று. கடையில் வேலை பார்த்தது மூன்று பேர். ஒரு வில்லை சுவரிலிருக்கும் பலகையில் ஆணியில் தொங்கும். மற்றதைச் செம்புக் கம்பிக் கொக்கியோடு, வண்டிக்குள் கை நுழைகிற இடத்தில் மாட்ட வேண்டும். வேலை முடிந்து அதை எடுத்து வந்து பலகையில் ஜோடி சேர்த்தால்தான் ஆள் வெளியே வந்ததாகக் கணக்கு. ஜோடி சேர்ந்த பிறகு கடை ஆள் யாரும் அந்த வண்டியைக் கிளப்பக்கூடாது, உரிமையாளர் மட்டுமே எடுத்துப் போகலாம். ஜோடி சேராமல் கடையைச் சாத்தவும் கூடாது.

இரண்டாவது, எர்த். சுரங்கத்தில் இயந்திரத்தின் உடம்பில் மின்சாரம் வந்தால் ஆள் செத்தான் என்று அர்த்தம். ஸ்கூட்டரிலோ உடம்புதான் திரும்பி வரும் வயர். எல்லா மின்சாரமும் விளக்கு வழியாகப் போய் உடம்பு வழியாகத் திரும்பும். சூசையால் இதைத் தாங்க முடியவில்லை. முதல் சர்வீசுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியிலும், மின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு அடியில் பழைய டயர் டியூபை வெட்டி வைப்பார். போல்ட்டின் தலைக்குக் கீழே ஒரு ரப்பர் வாஷர், தண்டைச் சுற்றி சைக்கிள் வால்வ் டியூப். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அந்த வண்டிகளின் ரெகுலேட்டரில் எர்த்துக்குத் தனி வயர் இருந்ததால் ஒரு கெடுதலும் வரவில்லை. நன்மையும் இல்லை.

ஸ்டெல்லா டீச்சர் பட்டனை அழுத்தினால் கிளம்புகிற புது மாடல் ஸ்கூட்டர் வாங்கினார். கனரக இயந்திரத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கணவருக்கு அங்கே வேலை. டீச்சருக்குப் பள்ளிக்கூடம் பேத்தமங்களாவில். மாலையில் தனி வகுப்பு முடித்து, இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஏரிக்கரை மேல் திரும்பி வருவார். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. முதல் சர்வீஸ் முடிந்த மறுநாளே கரை நடுவில் முன்விளக்கு பட்டென்று போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் டோக்கனை ரெகுலேட்டர் போல்ட்டில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இடப்பக்கத் தகட்டுக்குப் பின்னால் கொக்கி மாட்ட அந்த ஓர் இடம்தான் இருந்தது. பேட்டரி முனைகள் இறுக்கம். இன்ஜின் ஓடாமல் மீட்டரில் சரியான அளவு. கிளப்பி த்ராட்டிலைத் திருகினால் முள் பதினாலு வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. முன்விளக்கு ஹோல்டரிலும் பார்த்தேன். எவ்வளவு திருகினாலும் அளவு கட்டுக்குள் இருந்தது. புத்தகத்தில் போட்டிருக்கிறபடி எல்லாம் சரி. புது பல்பு போட்டு, டோக்கனை எடுத்துப் பலகையில் மாட்டி, வண்டியைக் கொடுத்தேன்.

அடுத்த மாலையே பல்பு போனது. மறுபடி வந்தார். மறுபடி எல்லாம் சரி. மூன்றாவது தடவை வரும்போது பேட்டரியில் தண்ணீர் கொதித்து வற்றியிருந்தது. சூசை மோந்து பார்த்து, "காத்து நல்லால்ல" என்றார். நான் டோக்கனை மாட்டி மீட்டரை வைத்தேன். முள் பதினாலைத் தாண்டி அடக்கமாக நின்றது.

"உங்க கடைக்குள்ள வந்தா நல்ல பிள்ளையா நிக்குது" என்றார் டீச்சர். "இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு என் கிளாஸ் நிக்கிற மாதிரி. வெளிய போனா பல்பைத் தின்னுது. இன்னா பால்ராஜ், வண்டிக்கு உங்களைப் பார்த்தா பயமா?"

முதலாளி ரெட்டி அன்று கடையில் இருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சில டீச்சர்கள் அதே வண்டியை வாங்க யோசித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

"ஏமய்யா சூசை, டோக்கனு, தொப்பி, மோப்பம், எல்லாம் பார்த்துகினு சும்மா இருந்தேன். இந்த வண்டி இன்னொரு தபா பல்பு போயி வந்துச்சுன்னா, நீ பாலகாட்டுக்கு நடக்க வேண்டியதுதான். டீச்சரம்மா முன்னாடியே சொல்றேன்."

சூசை மீட்டரின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். அந்த வயதில் அவரை அவருடைய விதிகளோடு சேர்த்துக்கொள்ள ஊரில் வேறு கடை இல்லை. விதிகளை விட்டுவிட்டு வரக்கூடிய ஆளும் அவர் இல்லை. சுரங்கமே மூடப்போகிறது என்று அப்போது தெருவில் பேச்சு.

அந்த மூன்றாவது முறை வேலை வேறு மாதிரி முடிந்தது. பேட்டரியில் தண்ணீர் நிரப்பிப் பல்பு மாற்றித் தகட்டைப் பூட்டியிருந்தேன். டோக்கனை எடுக்க மறந்து பூட்டிவிட்டது நினைவு வந்து, தகட்டை மறுபடி கழற்ற ஸ்பானர் எடுக்கத் திரும்பினேன். டீச்சருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. பட்டனை அழுத்திப் போய்விட்டார்.

அன்று மாலை விளக்கு போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

கடையில் ஜோடி சேராத என் டோக்கன் தொங்கியது. மாலையில் ரெட்டி ஷட்டரை இறக்கப் போனார். சூசை குறுக்கே நின்றார்.

"நாப்பத்தொண்ணு வெளிய வரல."

"நாப்பத்தொண்ணு இதோ உன் பக்கத்துல நிக்கிறான்யா!"

"நிக்கிறது கணக்கில்ல முதலாளி. பலகை இன்னா சொல்லுதோ அதான்."

"டேய் பால்ராஜ், நீ வெளியதானே கீற?"

"வெளியதான் கீறேன் சார்."

"அவன் சொல்றதும் கணக்கில்ல" என்றார் சூசை.

பிறகு அவர் சொன்னது இது. சுரங்கத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிவில் ஒரு டோக்கன் குறைந்தது. அந்த ஆள் வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஷிப்ட் இறங்கியபோது அந்த ஆள் ஒரு லெவலில் விளக்கு அணைந்து, இருட்டில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான் இருந்தார். அதன்பிறகு அவர் யாரோடும் பேசவில்லை.

"பார்த்தேன்னு சொன்னது யாரு?" என்றார் ரெட்டி.

"நான்தான். பார்த்தேன்னுதான் நெனச்சேன்."

ரெட்டி ஷட்டரை ஒரு சாண் விட்டு இறக்கினார். அந்த ஒரு சாண் நான் வெளியே வருவதற்கு.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். சூசை எனக்கு ஸ்பானர் தரவில்லை. உள்ளே இருக்கிற ஆளுக்கு வெளியே எப்படி வேலை தருவது? வாசல் பெஞ்சைக் காட்டினார். டீயும் வாங்கிக் கொடுத்தார். அதில் குறை வைக்கவில்லை. வருகிறவர்கள், "இன்னா பால்ராஜ், சும்மா குந்திகினு கீற?" என்று கேட்டார்கள். நான் ஸ்கூட்டருக்குள் இருக்கிறேன் என்றேன். இந்த ஊரில் டோக்கன் விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. "எந்த லெவல்ல?" என்று கேட்டார் ஒருவர். இரண்டாம் லெவல் என்றேன். "காத்து நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டோக்கனை வாங்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் வண்டியைத் தொட விடவில்லை.

"லைட்டு எரியுது. யாரும் கை வைக்கக் கூடாது."

"என் டோக்கன் உள்ளே கீது டீச்சர்."

"அது இருக்கிறதாலதான் எரியுதோ என்னவோ. ராசியான டோக்கன். இருக்கட்டும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பெஞ்சுக்குத் திரும்பி வந்து யோசித்தபோது எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. முன்பு பல்பு போனதற்கும் இப்போது போகாததற்கும் இடையே வண்டியில் மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் மீட்டர் வைத்த நேரமெல்லாம் டோக்கன் உள்ளே இருந்தது. டோக்கனை எடுத்த பிறகு நாங்கள் வண்டியைக் கிளப்பிப் பார்த்ததே இல்லை, விதி அப்படி.

ரெகுலேட்டரின் வேலை ஏரி மதகின் வேலை. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மேக்னட்டோ தருகிற மிச்ச மின்சாரத்தை வண்டியின் உடம்புக்குள் திருப்பிவிடும். இந்தப் புது மாடலில் அதற்குத் தனி எர்த் வயர் இல்லை. அதன் அலுமினியக் கூடு போல்ட் வழியாக உடம்பைத் தொட்டால்தான் மதகு திறக்கும். சூசையின் ரப்பர் அந்த மதகை அடைத்துவிட்டது. மிச்சம் எல்லாம் பல்புக்கும் பேட்டரிக்கும் போனது. என் டோக்கனின் செம்புக் கொக்கி கூட்டுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே அகப்பட்டு, ரப்பரைத் தாண்டி இரண்டையும் இணைத்திருந்தது. அதாவது, நான் உள்ளே இருக்கும்வரை விளக்கு எரியும். வெளியே வந்தால் போய்விடும்.

ரெட்டியிடம் சொன்னால் தவறு சூசையின் ரப்பர் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், கரை மேட்டில் ஏதோ ஒரு குலுக்கலில் கொக்கி கழன்று பல்பு போகும், வண்டி திரும்பி வரும். இரண்டு வழியிலும் சூசை பாலகாட்டுக்கு நடக்க வேண்டும். ரெட்டி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சூசையிடம் மட்டும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"கணக்கு சரியாத்தான் கீது" என்றார்.

"அப்போ ரப்பரை எடுத்துடலாம் போர்மேன்."

"உடம்புல கரண்ட்டு ஓடுற வண்டியை ஒரு பொம்பளை கையில குடுக்கச் சொல்றியா?"

"எல்லா வண்டியிலயும் ஓடிகினுதான் கீது. பன்னெண்டு வோல்ட்டு. எறும்பு கூடச் சாவாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். யார் எல்லோரும் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் டீச்சர் வந்தார். கையில் என் டோக்கன். கொக்கி நெளிந்திருந்தது.

"வேலை இல்லாம உங்களை உக்கார வெச்சிருக்காங்களாமே பால்ராஜ்? கோயில்ல சொன்னாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. தகட்டு இடுக்குல ஹேர்ப்பின்னை விட்டு இழுத்து எடுத்துகினு வந்துட்டேன். இந்தாங்க."

"வண்டி எப்படி வந்துச்சு டீச்சர்?"

"நல்லாத்தான் வந்துச்சு. பாருங்க." விளக்கைப் போட்டு த்ராட்டிலைத் திருகினார். எங்கள் எல்லோர் கண் முன்னாலும் பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டு அணைந்தது.

அந்த நேரத்தில் ரெட்டி கடை வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார். குச்சியை எறிந்தார்.

"ஏமய்யா சூசை."

சூசை என் டோக்கனை வாங்கிப் பலகையில் ஜோடி சேர்த்தார். "நாப்பத்தொண்ணு வெளிய வந்துட்டான்" என்றார். பிறகு தன்னுடைய டோக்கனை எடுத்தார். ரப்பர் வைக்கும்போது தவிர அவர் அதை எடுத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை, வேறு கைவேலை அவர் செய்வதில்லை. வண்டியின் தகட்டைக் கழற்றி, மோந்து பார்த்து, டோக்கனை மாட்டினார். இந்த முறை ரெகுலேட்டரில் இல்லை, சீட்டுக்கு அடியில், எதையும் தொடாத இடத்தில். போல்ட்டைக் கழற்றினார். வாஷர், வால்வ் டியூப், டியூப் துண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். சட்டத்தின் பெயின்ட்டை உலோகம் தெரியும்வரை சுரண்டினார். ரெகுலேட்டரை வெறும் இரும்பின் மேல் வைத்து முறுக்கினார். நான் பல்பு போட்டேன்.

"கிளப்பு" என்றார். கிளப்பினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை வண்டியின் உடம்பில் முழுவதும் பதித்தார்.

"திருகு."

திருகினேன். முள் ஏறி, பதினாலைத் தாண்டி, நின்றது. விளக்கு ஒரே சீராக எரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். "இன்னும்" என்றார். முழுவதும் திருகினேன். கடைக்குள் புகை நிறைந்து டீச்சர் இருமினார். அவர் கையை எடுக்கவில்லை. நான் த்ராட்டிலை விட்ட பிறகும் சற்று நேரம் எடுக்கவில்லை.

ரெட்டி தரையில் கிடந்த ரப்பர்களைச் செருப்பு நுனியால் நகர்த்தினார். "இது யாரு போட்டது?"

"நான் போட்டது. பல்பெல்லாம் போனது இதனாலதான்."

"சொன்ன பேச்சு சொன்னதுதான்யா. நீ கெளம்பு."

சூசை தலையாட்டினார். தொப்பியைத் தலையில் வைத்தார். கொடியில் இருந்த சோற்றுத் தூக்கை எடுத்தார். வாசல் வரை போனவர் நின்று பலகையைப் பார்த்தார். அவருடைய ஆணியில் ஒரு வில்லைதான் தொங்கியது.

"எடுத்து மாட்டிட்டுப் போறேன் முதலாளி. அது வரைக்கும் நான் வெளிய வந்த மாதிரி கணக்கில்ல" என்று சொல்லி வண்டிப் பக்கம் திரும்பினார். அதில் தந்திரம் எதுவும் இல்லை. விதியைத்தான் சொன்னார்.

டீச்சர் ஒரு கணம் அவரைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். சட்டென்று, கழற்றி வைத்திருந்த தகட்டைத் தானே அழுத்திப் பொருத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அப்போ போர்மேன் இப்போ வண்டிக்குள்ளதான் இருக்காரு?"

"ஆமா டீச்சரம்மா."

"உள்ள இருக்கிற ஆளை எப்படி சார் வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று ரெட்டியிடம் கேட்டார். "வெளிய வரட்டும். அப்புறம் அனுப்புங்க." பட்டனை அழுத்தினார். பட்டப்பகலில் விளக்கு எரிய, பேத்தமங்களா ரோட்டில் போய்விட்டார்.

ரெட்டி அவர் போன திசையைப் பார்த்தார். "எல்லாம் பைத்தியம் புடிச்ச ஊரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

டீச்சர் அந்த டோக்கனைத் திருப்பித் தரவே இல்லை. சர்வீசுக்கு வரும்போதெல்லாம் முன்னதாகவே அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வருவார் என்று பின்னால் தெரிந்தது. அவர் சொல்லி அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு டீச்சர்களும் அதே வண்டியில் வந்தார்கள். திங்கட்கிழமை காலை சூசை ஸ்பானர் எதையும் தொடாமல் வாசல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தான் உள்ளே இருப்பதால் தனக்கும் வேலை கிடையாது என்று விதிப்படி முடிவு செய்திருந்தார். ரெட்டி வந்து பார்த்தார்.

"உள்ள இருந்துகினே வாயால சொல்லுய்யா. இவன் செய்யட்டும்."

அப்படித்தான் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நடந்தது. இரவில் ஷட்டரும் ஒரு சாண் விட்டே இறங்கியது.

அன்றே புது மாடலில் இன்னொரு வண்டி முதல் சர்வீசுக்கு வந்தது. சூசை தகட்டைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். காத்து நல்லாகீது என்றார். ரெகுலேட்டரை வெறும் இரும்பின் மேல் முறுக்கச் சொல்லிவிட்டு, நான் சுரண்டத் தொடங்கியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முடிஞ்சதும் சொல்லு பாலு" என்றார். "நான் பார்க்கல."